திருப்பி வெச்சு எடு

ராத்திரி பதினொன்றரை மணிக்கு ஆய்வகத்திலிருந்து அப்பாவுக்கு ஒரு படம் அனுப்பினேன். கருநீலப் பரப்பில் ஐம்பது அறுபது மஞ்சள் புள்ளிகள். "இன்னான்னு சொல்லு பாப்போம்" என்று கீழே எழுதினேன்.

கடையைச் சாத்திவிட்டு வந்து, சாப்பிட்டு முடித்து, போனை நோண்டிக்கொண்டிருக்கும் நேரம் அது. உடனே பதில் வந்தது. "தீபத்தன்னிக்கு மலை மேல நின்னு ஊரப் பாத்த மாதிரி இருக்குது."

"ஊர் இல்லப்பா. சார்ஜ். உன் டோனர் தூள் மேல பொடிப்பொடியா ஒட்டியிருக்குமே சிலிக்கா, அந்த மாதிரி பொடியோட சார்ஜ். ஒவ்வொரு புள்ளியும் ஒரு துகள்."

சற்று நேரம் கழித்து ஒரு குரல் பதிவு வந்தது. "மஞ்சளா இருக்கறது சார்ஜா, நீலமா இருக்கறதா?"

"மஞ்சள்."

"சரி. தூங்கு பாப்பா."

இரண்டு வருடம் மல்லுக்கட்டி எடுத்த படம் அது. அதை வைத்து ஒரு கட்டுரையின் வரைவு எழுதினேன். ஒரு மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்பினேன். முனைவர் பட்ட ஆய்வேட்டின் நான்காவது அத்தியாயம் அதுதான் என்று முடிவாகியிருந்தது. அந்த மஞ்சளுக்கும் மின்னூட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை என்கிற சந்தேகம் எனக்கு வந்தது மூன்று மாதம் கழித்து. திருவண்ணாமலையில், அப்பாவின் ஜெராக்ஸ் கடையில்.

*

1989இல் வட ஆற்காடு மாவட்டத்தைப் பிரித்துத் திருவண்ணாமலையைத் தனி மாவட்டத்தின் தலைநகர் ஆக்கினார்கள். ஊருக்குக் கலெக்டர் வந்தார். அவர் பின்னால் ஆபீஸ்கள் வந்தன. ஆபீஸ் வந்தால் மனு வரும், மனு வந்தால் நகல் வேண்டும். அதுவரை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அப்பா, கடன் வாங்கி ஒரு பழைய மெஷினைப் போட்டு உட்கார்ந்தார். நான் பிறந்தபோது அது இரண்டாவது மெஷின். எனக்கு விவரம் தெரிந்தபோது மூன்றாவது.

பள்ளிக்கூடம் விட்டால் கடைக்குத்தான் போவேன். சூடான காகித வாசனையும், இடி இடித்து ஓய்ந்த பிறகு வருமே ஒரு வாசனை, அதுவும் கலந்து இருக்கும். அது ஓசோன் என்பது கல்லூரியில்தான் தெரிந்தது. மெஷினுக்குள் பல ஆயிரம் வோல்ட் பாயும் ஒரு மெல்லிய கம்பி காற்றையே உடைத்து மின்னூட்டமாக்குகிறது, அதன் வாசனை.

ஒருநாள் சர்வீஸ் பண்ணும்போது அப்பா டிரம்மைக் கையில் எடுத்துக் காட்டி, உடனே கருப்புத் துணி போட்டு மூடினார். "இத வெளிச்சத்துல வெக்கக் கூடாது பாப்பா. ஓடும்போது இதுல எழுத்து இருக்கும். நம்ம கண்ணுக்குத் தெரியாது. தூள் போட்டாத்தான் தெரியும்."

நான் படித்த இயற்பியல் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தின் விரிவுரை என்று சொன்னால் மிகையில்லை. இருட்டில் டிரம் முழுக்க மின்னூட்டம் ஏற்றுவார்கள். பிறகு அசல் காகிதத்தில் பட்டுத் திரும்பும் ஒளி அதன் மேல் விழும். வெள்ளைப் பகுதியிலிருந்து வரும் ஒளி பட்ட இடத்தில் மின்னூட்டம் வடிந்துவிடும். எழுத்து இருக்கும் இடத்திலிருந்து ஒளி வராது, அங்கே மின்னூட்டம் அப்படியே நிற்கும். எதிர் மின்னூட்டம் கொண்ட டோனர் தூள் அங்கே மட்டும் போய் ஒட்டும். அதைக் காகிதத்துக்கு மாற்றிச் சூடு காட்டினால் நகல் ரெடி.

இதைக் கண்டுபிடித்த செஸ்டர் கார்ல்சன் ஒரு கம்பெனியின் காப்புரிமைப் பிரிவில் வேலை பார்த்தவர். நகல் எடுத்தே சலித்துப் போனவர். 1938 அக்டோபர் 22ஆம் தேதி நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில், கந்தகம் பூசிய ஒரு துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து, எழுத்து எழுதிய கண்ணாடியை மேலே வைத்து வெளிச்சம் காட்டி, பொடியைத் தூவி ஊதினார். அந்தத் தேதியும் ஊர்ப் பெயரும் தகட்டில் தெரிந்தன. அதற்குப் பிறகு ஆபீசில் வைக்கிற மாதிரி ஒரு மெஷின் சந்தைக்கு வர 1959 ஆயிற்று. இருபத்தோரு வருடம். அதற்கும் முன்னால், 1777இல், லிக்டன்பெர்க் என்கிற ஜெர்மானியர் மின்னூட்டிய பிசின் தட்டின் மேல் தூசு போய் நட்சத்திரம் நட்சத்திரமாக உட்காருவதைப் பார்த்திருந்தார். கந்தகப் பொடியையும் சிவப்பு ஈயப் பொடியையும் கலந்து தூவினால் ஒன்று நேர் மின்னூட்டம் இருக்கும் இடத்துக்கும் மற்றது எதிர் மின்னூட்டம் இருக்கும் இடத்துக்கும் பிரிந்து போகும். இரண்டு நிறப் பொடி இருந்தால்தான் எது பிளஸ், எது மைனஸ் என்று சொல்ல முடியும். இந்த விஷயத்தை நான் படித்திருந்தேன். பரீட்சையில் எழுதியும் இருந்தேன். தேவைப்பட்டபோது அது ஞாபகத்துக்கு வரவில்லை.

அப்பாவுக்கு இந்த வரலாறு எதுவும் தெரியாது. ஆனால் மழைக்காலத்தில் நகல் வெளுத்துப் போகும் என்று தெரியும். காகித அலமாரிக்குள் எப்போதும் ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டிருக்கும். "ஈரம் இருந்தா சார்ஜ் நிக்காது" என்பார். அவர் விரல் இடுக்கில் டோனர் கருப்பு எந்த சோப்புக்கும் போகாது. மார்கழியில் ஆருத்ரா தரிசனம் முடிந்ததும் அம்மா கோயிலிலிருந்து தீப மை வாங்கி வந்து எங்கள் நெற்றியில் வைப்பாள். மலை மேல் கொப்பரையில் எரிந்த நெய்யின் கரி. எங்கள் வீட்டில் இரண்டு கருப்பு. டோனரின் கருப்பும் கரிப்பொடிதான்.

*

நான் சேர்ந்தது சென்னையில் ஓர் ஆய்வகம். கருவியின் பெயர் நிலைமின் விசை நுண்ணோக்கி. நாங்கள் ஈ.எஃப்.எம். என்போம். நுண்ணோக்கி என்று பெயர் இருந்தாலும் இதில் கண்ணால் பார்க்க எதுவும் இல்லை. கண் தெரியாதவர் கைத்தடியால் தெருவைத் தெரிந்துகொள்வது போன்ற வேலை. கைத்தடிக்குப் பதிலாக ஒரு சிலிக்கான் நெம்பு, அதன் நுனியில் உலோகம் பூசிய ஓர் ஊசி. ஊசி முனையின் ஆரம் இருபத்தைந்து நானோமீட்டர் அளவில் இருக்கும். தலைமுடியின் தடிமன் எண்பதாயிரம் நானோமீட்டர் அளவு என்று வைத்துக்கொண்டால் முனை எவ்வளவு சின்னது என்று புரியும்.

1986இல் பின்னிக், குவேட், கெர்பர் மூவரும் அணுவிசை நுண்ணோக்கியைச் செய்தார்கள். அது பரப்பின் மேடு பள்ளத்தைத் தடவிப் பார்ப்பது. இரண்டே வருடத்தில், 1988இல், அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வகத்தில் ஈவ் மார்ட்டின், டேவிட் ஆபிரகாம், இலங்கையில் பிறந்த குமார் விக்ரமசிங்க ஆகியோர் ஊசிக்கு மின்னழுத்தம் கொடுத்து, பரப்பைத் தொடாமலே அதன் மின்விசையை அளந்து காட்டினார்கள். ஐபிஎம்மின் இன்னொரு குழு அதே வருடம் மின்கடத்தாப் பரப்பில் மின்னூட்டத்தைப் புள்ளியாக வைத்து, அதே ஊசியால் அதைப் படமும் எடுத்தது.

நாங்கள் செய்யும் முறையில் ஊசி ஒவ்வொரு கோட்டிலும் இரண்டு தடவை போகும். முதல் தடவை பரப்பை மெல்லத் தட்டிக்கொண்டே போய் மேடு பள்ளத்தைக் குறித்துக்கொள்ளும். இரண்டாம் தடவை, அதே மேடு பள்ளத்தை அப்படியே பின்பற்றி, ஆனால் முப்பது நானோமீட்டர் உயரத்தில் மிதந்து போகும். இப்போது ஊசிக்கு மூன்று வோல்ட் கொடுப்போம். நொடிக்கு எழுபத்தைந்தாயிரம் முறை ஆடும் ஊசியைக் கீழே இருக்கும் மின்னூட்டம் இழுத்தாலோ தள்ளினாலோ ஆட்டத்தின் தாளம் துளி பிசகும். ஒரு டிகிரிக்கும் குறைவான பிசகல். அதுதான் படமாகிறது. டிரம்மில் தெரியாத எழுத்தைத் தூள் போட்டுப் பார்ப்பது அப்பாவின் தொழில். தூள் போடாமல் பார்ப்பது என் தொழில். இப்படிச் சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை இருந்தது.

என் கேள்வி எளிமையானது. டோனர் துகள்களின் மேல் ஒட்டவைக்கும் சிலிக்கா நானோ துகள்கள், உராயும்போது ஒவ்வொன்றும் எவ்வளவு மின்னூட்டம் எடுத்துக்கொள்கிறது? மொத்தமாக அளக்கலாம். ஒவ்வொரு துகளாக அளப்பது கஷ்டம். நான் ஐம்பது நானோமீட்டர் சிலிக்காவைப் பாலிமர் மணிகளோடு குலுக்கி, தங்கம் பூசிய தகட்டில் தூவி, ஊசிக்கு மைனஸ் மூன்று வோல்ட் கொடுத்து எடுத்தேன். மாதக்கணக்கில் ஒன்றும் தெரியவில்லை. சென்னையின் ஈரக் காற்றில் எல்லாப் பரப்பின் மேலும் ஒரு நீர்ப்படலம் உட்கார்ந்திருக்கும். ஊசிகள் மழுங்கின. ஒவ்வொன்றும் சில ஆயிரம் ரூபாய். புது ஊசி கேட்கப் போகும்போதெல்லாம் கடன் கேட்கப் போவது போல இருக்கும். கடைசியில் ஒரு ராத்திரி அந்த மஞ்சள் புள்ளிகள் வந்தன. மஞ்சள் என்றால் ஊசி தள்ளப்படுகிறது. மைனஸ் ஊசி தள்ளப்பட்டால் துகளும் மைனஸ். சிலிக்கா மைனஸ் ஆகும் என்றுதான் எதிர்பார்த்திருந்தேன். எதிர்பார்த்தது வந்தது. அதற்கு மேல் நான் எதையும் கேட்கவில்லை.

*

கார்த்திகை தீபத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். கூட்டம் தெருத்தெருவாக நிரம்பிவிடும். கிரிவலம் வருகிறவர்கள் ஆதார் நகல் வேண்டும், டிக்கெட் பிரிண்ட் வேண்டும் என்று வந்துகொண்டே இருப்பார்கள். மதியம் நான் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். இருபது இருபத்திரண்டு வயசுப் பையன் ஒருத்தன் மதிப்பெண் பட்டியல் ஒன்றை நீட்டினான்.

"அண்ணே, ரெண்டு காப்பி."

அப்பா வாங்கி, வழக்கம்போல விரலால் நீவினார். ஓர் இடத்தில் விரல் நின்றது. "இன்னா தம்பி, ஒட்டியிருக்குது?"

"கிழிஞ்சிடுச்சிண்ணே. அதான்."

அப்பா ஒன்றும் சொல்லாமல் ஒரு நகல் எடுத்தார். பிறகு காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்து இன்னொன்று எடுத்தார். இரண்டையும் நேராக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நானும் எட்டிப் பார்த்தேன். முதல் நகலில் ஒரு மதிப்பெண்ணுக்குக் கீழே முடி மாதிரி ஒரு சாம்பல் கோடு. இரண்டாவதில் அந்தக் கோடு கீழே இல்லை, மேலே இருந்தது.

"எழுத்து ரெண்டுலயும் அதே எடத்துல இருக்குது பாரு. கோடு மட்டும் மாறிடுச்சி. மாறினா அது எழுத்து இல்ல, நெழலு. விளக்கு ஒரு பக்கத்துலேர்ந்துதான வரும், ஒட்டின துண்டோட கனத்துக்கு நெழல் விழுது. மெஷினுக்கு எது எழுத்து, எது மேடுன்னு தெரியாது. ரெண்டும் அதுக்குக் கருப்புதான். பாக்கறவனுக்குத் தெரியும் தம்பி. வேணாம், கொண்டு போ."

பையன் தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போனான். அடுத்தவர் ஆதார் கார்டை நீட்டினார். அப்பா அந்த இரண்டு நகலையும் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மெஷினுக்கு எது எழுத்து, எது மேடு என்று தெரியாது.

ஊசிக்குக் கீழே துகள் மட்டும் இல்லை, தங்கத் தகடும் இருக்கிறது. மின்னழுத்தம் கொடுத்த ஊசியை அந்தத் தகடு எப்போதும் இழுத்துக்கொண்டுதான் இருக்கும். தலை வாரிய சீப்பு காகிதத் துணுக்கை இழுக்குமே, அதே கதை. ஊசி பிளஸ்ஸா மைனஸ்ஸா என்பது இந்த இழுப்புக்குப் பொருட்டே இல்லை. ஊசி ஒரு துகளின் மேல் ஏறும்போது தகட்டிலிருந்து இன்னும் ஐம்பது நானோமீட்டர் தள்ளிப் போகிறது. இழுப்பு குறைகிறது. இழுப்பு குறைவதும் தள்ளப்படுவதும் கருவிக்கு ஒன்றுதான். இரண்டுக்கும் மஞ்சள்தான் போடும். என் மஞ்சள் புள்ளிகள் துகள்களின் மின்னூட்டமாக இருக்கலாம். வெறும் உயரமாகவும் இருக்கலாம்.

அதைப் பிரித்துச் சொல்ல ஒரே வழி, திருப்பி எடுப்பது. ஊசிக்கு பிளஸ் மூன்று வோல்ட் கொடுத்து அதே இடத்தை மறுபடி எடுக்கவேண்டும். மின்னூட்டம் நிஜமென்றால் தள்ளியது இப்போது இழுக்கும், மஞ்சள் கருநீலமாகும். அப்பாவின் கணக்குக்கு இது நேரெதிர்: அங்கே மாறுவது பொய், இங்கே மாறாமல் இருப்பது பொய். பாடப்புத்தகத்தில் இருக்கிற விஷயம்தான். நான் ஏன் செய்யவில்லை? மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில், படம் அழகாக வந்த ராத்திரியில் ஊசி எப்போது மழுங்குமோ என்ற பயத்தில் அடுத்தடுத்த இடங்களுக்கு ஓடினேன். அதன் பிறகு கைக்கு வந்ததைத் தொட்டுக் கெடுக்க மனசு வரவில்லை.

*

சாயங்காலம் மொட்டை மாடியில் நின்றோம். ஆறு மணிக்கு மலை உச்சியில் தீபம் தெரிந்ததும் ஊர் முழுக்க ஒரே குரலாக "அரோகரா" எழுந்தது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். 2,668 அடி உயரத்தில் எரிவது கீழேயிருந்து பார்க்க ஓர் ஆரஞ்சுப் பொட்டு மாதிரி இருந்தது.

அம்மா கீழே விளக்கு வைக்கப் போன பிறகு அப்பாவிடம் சொன்னேன். படம் தப்பாக இருக்கலாம் என்று. எவ்வளவு புரிந்ததோ, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மலையைப் பார்த்தபடியே சொன்னார்.

"நானும் ஒருவாட்டி ஒட்டிக் குடுத்திருக்கேன்."

நான் பிறப்பதற்கு முன். தெரிந்தவர் வீட்டுப் பையனுக்கு வயது ஒரு வருடம் கூடிவிட்டது. கடை புதுசு, கடன் கழுத்தை நெரித்த சமயம். அப்பா தன் பழைய டைப்ரைட்டரில் வருடத்தை அடித்து, நறுக்கி, ஒட்டி, நகல் எடுத்து, அந்தச் சாம்பல் கோட்டின் மேல் வெள்ளை மை பூசி, அந்த நகலை மறுபடி நகல் எடுத்திருக்கிறார்.

"கோடே இல்ல பாப்பா. அவ்ளோ சுத்தமா வந்துச்சி. நான் எடுத்ததுலயே நல்ல காப்பி அதுதான்."

"வேலை கெடைச்சிதா அவருக்கு?"

"கெடைச்சிது. டெம்ப்ரவரிதான். அசலக் கேக்கவே இல்ல அவங்க." சற்று நிறுத்தினார். "அவனுக்கு அடுத்து நின்னவன் யாருன்னு எனக்குத் தெரியாது. நம்ம கடைக்கே வந்திருப்பான். காப்பி எடுத்துட்டுப் போயிருப்பான்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றும் தெரியவில்லை. அப்போது ஒன்றும் சொல்லவில்லை. இதை எழுதட்டுமா என்று கேட்டபோது, "பேரப் போடாத" என்றார். அவர் பெயரைச் சொல்கிறாரா, அந்தப் பையன் பெயரையா என்று நான் கேட்கவில்லை. இரண்டையும் போடவில்லை.

*

சென்னை திரும்பிய அன்றே அதே தகட்டை எடுத்து வைத்தேன். மைனஸ் மூன்று. மஞ்சள் புள்ளிகள். அதே இடம், பிளஸ் மூன்று. திரையில் கோடு கோடாகப் படம் இறங்க இருபது நிமிடம் ஆனது. முதல் துகள் வந்தது. மஞ்சள். இரண்டாவது மஞ்சள். மூன்றாவதுக்குப் பிறகு நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். எல்லாம் மஞ்சள். நான் மூன்று மாதமாகக் காட்டிக்கொண்டிருந்தது துகள்களின் உயரத்தை. உயரத்தை முதல் தடவையிலேயே கருவி சொல்லியிருந்தது. அதன் நகலைத்தான் நான் மின்னூட்டம் என்று பெயர் மாற்றி வைத்திருந்தேன்.

மறுநாள் மேடத்திடம் இரண்டு படத்தையும் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார். நான் கேட்காத கேள்வியை அவரும் கேட்டிருக்கவில்லை என்பது இருவருக்கும் தெரிந்தது. "சுருக்கத்த வாபஸ் வாங்கிடலாம்" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு வரி மின்னஞ்சலை அடிக்க எனக்கு அரை நாள் ஆனது. உதவித்தொகை அடுத்த ஜூனோடு முடிந்தது. அதற்குப் பிறகு எட்டு மாதம் டியூஷன் எடுத்துக்கொண்டே ஆய்வு செய்தேன். யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள் என்று ஒரு சீனியர் ஆறுதலாகச் சொன்னார். அவர் சொன்னது உண்மையாக இருக்கலாம். கோடே இல்லாத நகல்தான் அதுவும்.

இப்போது கருவியைச் சுற்றி ஒரு பெட்டி வைத்து உலர்ந்த நைட்ரஜன் விடுகிறோம். அப்பாவின் அலமாரி பல்புக்கு எங்கள் பதில். ஒவ்வோர் இடத்தையும் இரண்டு குறியிலும் எடுக்கிறேன். இரண்டு படத்தையும் கூட்டிப் பாதியாக்கினால், குறி மாறினாலும் மாறாத இழுப்பு கிடைக்கும். கழித்துப் பாதியாக்கினால் மின்னூட்டத்தின் பங்கு மிஞ்சும். கழித்த பிறகு பெரும்பாலான துகள்கள் காணாமல் போகின்றன. மிகச் சில மட்டும், மங்கலாக, நிற்கின்றன. நான்காவது அத்தியாயம் இப்போது அந்தச் சிலதைப் பற்றியது. பழைய படங்களையும் அதில் வைத்திருக்கிறேன், இது ஏன் தவறு என்ற விளக்கத்தோடு.

ஆய்வேட்டை அப்பா கடையில்தான் பிரிண்ட் எடுத்தேன். நான்காவது அத்தியாயம் வந்தபோது அவர் ஒரு தாளைக் கையில் எடுத்து நிறுத்தினார். மைனஸ் மூன்று இடது பக்கம், பிளஸ் மூன்று வலது பக்கம்.

"ரெண்டும் ஒண்ணாத்தான இருக்குது?"

"ஆமாப்பா. அதான் பிரச்சனை."

அடுத்த தாளை எடுத்தார். நைட்ரஜனில் எடுத்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தாளை முகத்துக்கு அருகில் கொண்டுபோய், இடமும் வலமும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஓர் ஓரத்தில் விரலை வைத்தார்.

"இது ஒண்ணு மட்டும் மாறியிருக்குது."

"ஆமா."

"இது நிஜமா?"

"நாலு தடவ திருப்பித் திருப்பி எடுத்தேன்பா. மாறிக்கிட்டேதான் இருக்குது."

தாளை அடுக்கில் சேர்த்துத் தட்டிச் சமன்படுத்தினார். "எத்தன காப்பி போடணும்?" என்று கேட்டார்.